புதுசாகச் சேர்ந்த கால்

தரையில் ஏதாவது மின்னினால் அக்காவால் அதைத் தாண்டிப் போக முடியாது. ஊக்கு, ஆணி, ஸ்டேப்ளர் பின், உடைந்த வளையல், பால் பாக்கெட்டின் மூலை, எதுவாக இருந்தாலும் சரி. பேசிக்கொண்டே கூட வருவார். பாதிப் பேச்சில் ஆள் காணாமல் போய்விடுவார். திரும்பிப் பார்த்தால் இடுப்பை வளைத்துத் தரையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார். எடுத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, ஊசி இல்லை என்று நிச்சயமான பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவர் அப்படிச் சட்டென்று குனிந்தார். காலில் விழுகிறார் என்று நினைத்துப் பதறிய அந்த அம்மாள் தலையில் கை வைத்து ஆசீர்வாதமே பண்ணிவிட்டார். "நல்லா இரும்மான்னு சொல்லிட்டாங்க. வேணாம்னா சொல்ல முடியும்?" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். தோல் தைக்கிற மெஷின்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள், அதற்கு லைன் என்று பெயர். லைனில் ஒரு ஊசி உடைந்தால் உடைந்த துண்டெல்லாம் கிடைக்கிறவரை அங்கே வேலை நடக்கக் கூடாது. ஒரு துண்டு ஷூவுக்குள் தங்கிவிட்டால் கடல் தாண்டிப் போய் எந்தப் பிள்ளையின் காலிலாவது குத்தும் அல்லவா? அதனால் லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் தேடுவார்கள். துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் மெஷின் ஓடும். இது எல்லாக் கம்பெனியிலும் உள்ள சட்டம்தான். மற்ற சூப்பர்வைசர்கள் பெண்களைத் தேடச் சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பார்களாம். அக்கா முதல் ஆளாகத் தானே மண்டி போடுவார். வருஷக்கணக்காக அப்படிக் குனிந்த பழக்கம் வீட்டுக்கும் தெருவுக்கும் கூடவே வந்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவர் லைனக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் எதிர் வீட்டுக்காரி, சுமதி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். என் வீட்டுத் தரை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அவர் வந்தால் முதலில் ஒரு சோதனை, பிறகுதான் காபி. "இன்னா சுமதி, இது வீடா, ஊசிக் கிடங்கா?" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அவர் போன பிறகு தரையில் தைரியமாக வெறுங்காலை வைக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்பேர்ப்பட்ட மனுஷியிடம்தான் டாக்டர், "இனிமே குனியக் கூடாது" என்றார்.

வலது இடுப்பில் பந்து மாதிரி இருக்கிற எலும்புக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டதாம். எலும்பு உளுத்துப்போயிற்று. ரொம்ப நாள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார், கேட்டால் வாயுப்பிடிப்பு என்பார். ஒருநாள் கம்பெனி பஸ்ஸின் படியில் கால் வைத்தவரால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பெண்கள் நாலுபேர் தூக்கி இறக்கினார்கள். வேலூரில் ஆபரேஷன். பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள்.

அங்கே பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் குரலைக் கேட்டால் ஹெட்மிஸ்டிரஸ். கட்டிலைச் சுற்றி நின்ற எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினாள். தரையில் உட்காரக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. தாழ்வான நாற்காலி ஆகாது. தூங்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. திரும்ப வேண்டுமென்றால் ஆபரேஷன் காலை ஊன்றிக்கொண்டு உடம்பை முறுக்காமல், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், டாக்டர் சரி என்று சொல்கிறவரை இடுப்பை மடக்கிக் குனியவே கூடாது.

"குனிஞ்சா இன்னா ஆவும்?" என்று அக்கா கேட்டார்.

"மூட்டு கழண்டுக்கும்மா. திரும்பவும் ஆபரேஷன் தியேட்டர்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு அந்தப் பெண், எல்லா நோயாளியிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். குணமானதும் என்ன செய்ய ஆசை? பக்கத்துக் கட்டில் அம்மாள் சம்மணம் போட்டு இலையில் சாப்பிட வேண்டும் என்றிருந்தார். இன்னொருவர் மலைக் கோயில் என்றாராம். அக்கா யோசிக்கவே இல்லை. "காலைல கம்பெனி பஸ் வரும். அதுல நானே ஏறணும். ஒருத்தரும் கை குடுக்கக் கூடாது."

"பஸ் படி ஒசரமாச்சேம்மா."

"ஒசரம்னுதான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அக்கா உயரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சோதனை போட்டார். கால்மிதிகள் வழுக்கும், வெளியே. டிவி ஒயர் தடுக்கும், சுவரோரம். குளியலறையில் ஈரம் நிற்கிறது, ரப்பர் விரிப்பு. கழிப்பறைப் பீங்கானுக்கு மேல் உயரம் கூட்டுகிற இருக்கை, சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. அண்ணனுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. அக்காவின் கணவர்தான், அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு தடவை ஹார்டுவேர் கடைக்கு ஓடினார். சாயங்காலம் என்னிடம் வந்து, "சுமதி, நான் டியூட்டிக்குப் போற நேரம் கொஞ்சம் பாத்துக்கம்மா. குனியாம பாத்துக்கினா போதும்" என்றார். போதுமாம்! பாலாற்றில் வெள்ளத்தை நிறுத்தச் சொல்லியிருந்தால் அதுகூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பயிற்சியெல்லாம் நான் பயந்த மாதிரி இல்லை. படுத்துக்கொண்டு பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், ரத்தம் கட்டாமல் இருக்க. அக்கா அதை மெஷின் பெடல் மிதிக்கிற மாதிரி வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு செய்வார். தொடையை இறுக்கிப் பிடித்து விட வேண்டும். குதிகாலைக் கட்டிலோடு தேய்த்து மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும், அதுவும் ஓரளவுக்குத்தான். கொஞ்சம் தேறியதும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்க வேண்டும்.

பெண்களை விரட்டி வேலை வாங்குகிறவர் ஆயிற்றே, தன் காலையும் விரட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். ஒருநாள் வாக்கரைப் பிடித்துக் கூடத்தில் நடந்தவர் பாதியிலேயே நின்று நாற்காலியைக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் நட க்கா. நேத்து வாசல் வரைக்கும் போனியே" என்றேன்.

"புதுசா சேந்த பொண்ணுகிட்ட முதல் வாரமே டார்கெட் கேப்பியா நீ?"

"யாரு பொண்ணு?"

"இதான்" என்று வலது தொடையைத் தட்டினார். "ட்ரெய்னி. மெஷினே இன்னும் பழகல. கத்தினா பயந்து ஓடிடும்."

"காலு எங்க க்கா ஓடும்?"

"கழண்டுக்கிச்சுன்னா அதான் ஓடறது."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து வலது கால் ட்ரெய்னி, இடது கால் சீனியர். முதலில் வாக்கர், பிறகு ட்ரெய்னி, அதன் பிறகு சீனியர், இதுதான் வரிசை. படி ஏறும்போது சீனியர் முன்னால் போய் மேலே இழுத்துவிடும். இறங்கும்போது ட்ரெய்னியை முதலில் இறக்கி, சீனியர் மேலே நின்று பாரத்தைத் தாங்கும். அந்தத் தெரபிப் பெண் சொன்னதுதான் எல்லாம், அக்கா அதற்கு ஆள் வைத்தார், அவ்வளவுதான். லைனிலும் அவர் அப்படித்தானாம். மற்றவர்களை உண்டு இல்லை என்று பண்ணுவார். புதுசாகச் சேர்ந்த பெண்ணை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், மற்றவர்களைச் சொல்லவும் விடமாட்டார்.

ஆனால் தரையில் கிடக்கிறதைப் பார்க்கிற கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணவில்லையே. "சுமதி, அங்க பாரு." நான் குனிவேன். "அங்க இல்ல, அலமாரிக்கு அடியில." மறுபடி குனிவேன். "எடுத்துக் காட்டு. ம், ஊசி இல்ல. குப்பைல போடு." என் இடுப்பு என்ன இரும்பா? வாய்விட்டே கேட்டேன். "உனக்கு நல்லதுதான், போ. வயிறு ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து என் பழைய ஜாக்கெட் மறுபடியும் எனக்கு அளவாகிவிட்டது. பயிற்சி அவருக்கு, மெலிந்தது நான்.

தெருவில் நடக்க ஆரம்பித்தபோது வண்டி வாசி கிளம்புவதற்கு முன்னால் விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போவேன். ஈரக் கோலத்தின் மேல் வாக்கர் வைக்கக் கூடாது, ஜல்லி கொட்டியிருக்கிற ஓரம் ஆகாது, படுத்திருக்கிற மாட்டுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். தெருமுனையில் கம்பெனிப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அதுவரைக்கும்தான் எங்கள் நடை.

"எப்போ க்கா வருவீங்க? புது மேடம் ஒரே பேஜார் க்கா. ஊசி ஒடஞ்சா தேடறதுக்கு முன்ன யாரு ஒடச்சதுன்னு கத்தறாங்க. புதுப் பொண்ணு ஒண்ணு அழுதுக்கினே வேலய விட்டுப் போய்டுச்சு."

"ட்ரெய்னிங் நடக்குது. முடிஞ்சதும் வர்றேன்" என்பார் அக்கா.

பஸ் வரும். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கம்பியைப் பிடித்து எகிறி ஏறுவார்கள். அக்கா அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், படியையே பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் திரும்பி மறைந்த பிறகும் அங்கேயே நிற்பார். மற்ற நேரமெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே இருக்கிற எனக்கு அப்போது மட்டும் வாய் வராது. இவர் ஏறுவாரா, ஆண்டவனே, என்று நானே வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு மாதா, எனக்கு முருகன், அந்த நேரத்தில் யார் கேட்டால் என்ன?

இந்தச் சமயத்தில்தான் கால் நீளமாகிவிட்டது என்று ஒரு புகார் கிளம்பியது. புது மூட்டு வைத்ததில் வலது கால் வளர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறதாம், இடது பக்கம் சாய்கிறதாம். வேறு ஊராக இருந்தால் டாக்டருக்கு போன் போட்டிருப்பார்கள். ஆம்பூரில் வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனியில் இருக்கிறார். எந்த வியாதியானாலும் முதலில் செருப்பைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். பக்கத்துத் தெரு பாய் வந்தார். சேம்பிள் ஷூ செய்வதில் பெரிய கை, ரிட்டயர் ஆனவர். நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் அளந்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், தாடியைத் தடவினார்.

"கம்மியாதான் வித்தியாசம், தங்கச்சி. இடது ஷூவோட சோல ஒசத்திட்டா சரியாப்பூடும்."

அவர் செய்துகொண்டு வந்த ஜோடியை இப்போதும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். பழுப்பு நிறம், வெண்ணெய் மாதிரி மிருதுவான தோல். இடது ஷூவுக்கு அடியில் அடுக்கடுக்காகச் சோல் வைத்து, ஓரத்தில் கோடு தெரியாமல் இழைத்திருந்தார். தெருவே வந்து பார்த்தது. தைத்த தையலைத் தடவிப் பார்க்காதவர் இல்லை. அக்கா போட்டுக்கொண்டு ராணி மாதிரி நடந்தார். சாய்வு போயிற்று. வாரம் திரும்புவதற்குள் முதுகு வலி வந்தது.

செக்கப்புக்கு வேலூர் போனபோது அந்தத் தெரபிப் பெண் முதலில் ஷூவைத்தான் பார்த்தாள். "யாரு குடுத்தாங்க இத?" என்றாள். அக்காவைப் படுக்க வைத்து டேப்பால் இரண்டு காலையும் அளந்து காட்டினாள். இரண்டும் ஒரே நீளம். ரொம்ப நாள் நொண்டியதில் இடுப்புத் தசை இறுகி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் நீளம் மாதிரி தோன்றுகிறது, பயிற்சி செய்யச் செய்ய இறுக்கம் விட்டுப்போகும் என்றாள். ஷூவில் உயரம் கூட்டினால் இடுப்பு கோணலாகவே பழகிவிடும். "எங்கள கேக்காம காலுக்கு எதுவும் போடாதீங்கம்மா."

பாயிடம் இதை எப்படிச் சொல்வது என்று நானும் அண்ணனும் கையைப் பிசைந்தோம். அக்கா நேரே ஷூவை அவர் கையில் கொடுத்தார்.

"பாய், பீஸ் ஏ ஒன். தையல்ல குத்தம் சொல்ல ஆள் இல்ல. அளவு மட்டும் ரீவொர்க்."

கம்பெனியில் குறையுள்ள ஷூவைத் திருப்பி அனுப்பும்போது சொல்கிற வார்த்தை அது. பாய்க்கு முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு மலர்ந்துவிட்டது. ரீவொர்க் செய்யாத கைத்தொழில்காரன் உண்டா? அடுக்கையெல்லாம் உரித்தெடுத்து இரண்டையும் சமமாக்கினார். குனிந்து லேஸ் கட்ட முடியாதே என்று ஒட்டுப் பட்டை வைத்தார், குதிகால் நழுவாமல் பின்பக்கம் உயர்த்தினார், அடியில் வழுக்காத ரப்பர் போட்டார். இந்தத் தடவை அண்ணனோடு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் அக்காவுக்குக் கொடுத்தார்.

வாக்கர் போய் கைத்தடி வந்தது. தடியை ஆபரேஷன் கால் பக்கம்தான் பிடிக்க வேண்டும் என்று தெருவே சொன்னது. இல்லை, எதிர்ப் பக்கம் பிடிக்க வேண்டும் என்றாள் தெரபிப் பெண். அக்கா தெருவைக் கேட்கவில்லை. ஷூ விஷயத்தில் பட்டது போதும்.

பட்டது போதாது என்று ஒரு நாள் வந்தது. மழை, வெளியே போக வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். அண்ணன் காலையில் சட்டைக்குப் பட்டன் தைத்துவிட்டு டியூட்டிக்குப் போயிருந்தார். நான் குடையை மடக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் ஏறினேன். அக்கா மேஜையருகே நின்று தரையைப் பார்த்தது தெரிந்தது. தரையில் கிடந்தது ஊக்கு இல்லை, பால் பாக்கெட் இல்லை. ஊசி. அதுவும் உடைந்த பாதி ஊசி.

"க்கா!" என்று கத்தினேன். அதற்குள் குனிந்துவிட்டார்.

ஏதோ சொடுக்குகிற மாதிரி சத்தம் கேட்டது. அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. படுக்க வைத்து, காலுக்கு நடுவில் தலையணை கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு, மறுபடியும் கத்தி, மறுபடியும் கட்டில், இனிமேல் எங்கே பஸ் ஏறுவது என்று மனசு அடித்துக்கொண்டது. ஹைவேயில் வண்டி பறக்கிறது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். வலி தாங்கவில்லை போல என்று காதைக் கொண்டுபோனேன்.

"சுமதி, அந்த ஊசியோட இன்னொரு பாதி?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஊசியா முக்கியம்? உன் இடுப்பு போயிடுச்சோன்னு நான் செத்துக்கினு கீறேன்!" என்று அந்த வண்டியிலேயே கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். ஆம்புலன்ஸ்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தசைதான் சுளுக்கிக்கொண்டது. அந்தத் தெரபிப் பெண் வந்தாள். திட்டப் போகிறாள், நன்றாகத் திட்டட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "லைன்ல ஊசி ஒடஞ்சா இன்னாம்மா செய்வீங்க?" என்று கேட்டாள்.

"லைன நிறுத்துவேன்."

"அப்போ நிறுத்துங்க. அதோட உங்க வேல முடிஞ்சிடுச்சு. தேடறது மத்தவங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்ததும் நானும் அண்ணனும் தரையில் தவழ்ந்து தேடினோம். அக்கா உயரமான நாற்காலியில் உட்கார்ந்து வழி சொன்னார். இன்னொரு பாதி அண்ணன் போட்டிருந்த சட்டையிலேயே, பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜோலார்பேட்டை வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அக்கா இரண்டு பாதியையும் உள்ளங்கையில் சேர்த்துப் பார்த்து, "முழு ஊசி. லைன் ஓடலாம்" என்றார்.

அதன் பிறகு அவர் குனியவில்லை. அதற்குப் பதிலாகத் தெரு நின்றது. தரையில் எதையாவது பார்த்தால் தடியை ஒரு தட்டு தட்டி, "லைன் ஸ்டாப்!" என்பார். பால்காரர் சைக்கிளிலிருந்து கால் ஊன்றுவார். பாய் ஸ்கூட்டரை அணைப்பார். பக்கத்தில் இருக்கிறவர் யாரோ அவர் குனிந்து எடுத்துக் காட்ட வேண்டும். அக்கா பார்த்து, சரி என்றால்தான் போக்குவரத்து. முனகாதவர்கள் இல்லை, நான்தான் தலைமை. ஆனால் யாரும் நிற்காமல் போனதில்லை.

பஸ் படிக்கு என் வீட்டு வாசற்படி உதவியது. மழைத்தண்ணீர் வருகிறது என்று என் மாமனார் உயரமாகக் கட்டிவைத்த ஒற்றைப் படி, எல்லோரும் வாயில் வந்தபடி திட்டுகிற படி. தெரபிப் பெண் அனுமதி கொடுத்த பிறகு, தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா அதில் ஏறி இறங்குவார். சீனியர் மேலே, ட்ரெய்னி பின்னால். நான் தொடாமல், ஆனால் தொடுகிற தூரத்தில் நிற்பேன். கடைசியில் டாக்டரும் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க உயரமான நாற்காலி கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. தரையில் குனிவது மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ஆகாது.

வேலைக்குப் போகிற அன்று காலையில், காலில் பாய் செய்த ஷூ, தலையில் சாமந்திப் பூ, தோளில் டிபன் பை, இடது கையில் தடி. தெருமுனையில் பெண்கள் எல்லோரும் இவரைச் சுற்றிக்கொண்டார்கள். பாய் டீ குடிக்க வந்த மாதிரி டீக்கடையில் நின்றார். அண்ணன் டியூட்டிக்குப் போகாமல் மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றார், மறைந்திருப்பதாக நினைப்பு. பஸ் வந்து நின்றது. பெண்கள் வழி விட்டார்கள். ஒருத்தி கை நீட்டினாள். அக்கா ஒரு பார்வை பார்த்தார், கை உள்ளே போய்விட்டது.

கம்பியைப் பிடிக்கப் போனவர் நின்றுவிட்டார். கண் கீழே போனது. படிக்கு நேர் கீழே, தார் ரோட்டில், என்னவோ மின்னியது.

நானும் பார்த்தேன், பெண்களும் பார்த்தார்கள். அக்காவின் தோள் லேசாக முன்னால் சாய்ந்தது. நான் ஓர் அடி முன்னால் பாய்ந்தேன்.

தோள் நிமிர்ந்தது. தடி ரோட்டில் தட்டியது.

"லைன் ஸ்டாப்!"

டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். அத்தனை பெண்களும் டிபன் பையோடு ரோட்டில் மண்டி போட்டார்கள். பின்னால் ஒரு லாரி, இரண்டு ஆட்டோ, ஹாரன் மேல் ஹாரன். "ஊசி தேடறோம், இருங்க!" என்று பாய் ரோட்டுக்கு நடுவில் போய்க் கை காட்டினார். ஒருத்தி எழுந்து, விரல் நுனியில் ஒட்டியிருந்ததை நீட்டினாள். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார். யார் துப்பட்டாவிலிருந்தோ உதிர்ந்த ஜிகினா.

"ஊசி இல்ல" என்றார். "லைன் ஓடலாம்."

தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். இடது கால் படிக்கு ஏறியது. உடம்பு மேலே போயிற்று. ஒரு மூச்சு விட்டு, வலது தொடையைப் பார்த்து, "வாம்மா" என்றார். அதுவும் ஏறிப் பக்கத்தில் நின்றது. அடுத்த படியும் அப்படியே. யாரும் கை கொடுக்கவில்லை. மேலே போய்ச் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பி, என்னைத் தேடிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"சுமதி, ட்ரெய்னிய கன்ஃபர்ம் பண்ணிட்டேன்!"

பஸ் முழுக்கக் கைதட்டல். அண்ணன் மின்கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். நான் எதையும் மறைக்கவில்லை, நடுரோட்டில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் பிள்ளை வேலைக்குப் போன அன்றுகூட வந்ததில்லை.

பிறகு பிள்ளையின் வேலைக்காக நாங்கள் காட்பாடிக்கு வந்துவிட்டோம். அக்கா இன்னும் அந்த பஸ்ஸில்தான் போகிறார் என்று பாய் போனில் சொல்வார். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அன்றைக்கு அவரை அனுப்பிவிட்டுத் தனியாக வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான். குனியச் சொல்ல ஆள் இல்லை, இடுப்புக்கு இன்றைக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டே வந்தேன். என் வாசற்படிக்கு அருகில் தரையில் ஏதோ மின்னியது. தாண்டி ஒரு அடி வைத்தேன். அடுத்த அடி வைக்க முடியவில்லை. திரும்பி வந்து குனிந்து எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

ஊசி இல்லை. அதன் பிறகுதான் படி ஏறினேன்.